மூணு டாக்டர்ல யாரு பொய் சொல்றாங்க?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. ஆறு மாதமாக மாடி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். ஆஞ்சியோ எடுத்ததில் இதயத்தின் வலது ரத்தக்குழாயில் 75 சதவீத அடைப்பு. மற்ற குழாய்கள் பரவாயில்லை என்றார்கள். எக்கோவில் இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. முதல் டாக்டர், “ஸ்டென்ட் வைத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம்” என்றார். இரண்டாவது டாக்டர், “மாத்திரையிலேயே பார்க்கலாம், அவசரமே இல்லை” என்றார். குழப்பம் தீரட்டும் என்று மூன்றாவது ஒருவரிடம் போனோம். “எது செய்தாலும் தப்பில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூவருமே பேர் பெற்ற இதய நிபுணர்கள். வீட்டில் தம்பி, “75 நாளைக்கு 100 ஆனா என்ன பண்றது?” என்று ஸ்டென்ட் பக்கம் நிற்கிறான். நான் மாத்திரை பக்கம். ஒரு வாரமாக எங்களுக்குள் பேச்சே இல்லை. அம்மா கேட்பது ஒன்றுதான்: “மூணு பேர்ல யாரு பொய் சொல்றாங்க?” அப்பா எதுவும் சொல்வதில்லை. முதல் டாக்டரிடம் தம்பிதான் பேசினான், இரண்டாவது டாக்டரிடம் அப்பாவே பேசினார், மூன்றாவது இடத்துக்கு நான் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை விட்டுவிட்டேன்: இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் போய் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அம்மாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் மூவரில் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மூவர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். இதைக் கேட்டால் எரிச்சல் வரும், தெரியும். “அப்புறம் எதுக்குடா பத்து வருஷம் படிச்சீங்க?” என்று என் சொந்த அத்தையே முழங்கால் ஆபரேஷன் விஷயத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அப்பாவுக்கு இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, முன்னைவிட அடிக்கடி வரத் தொடங்கினாலோ, அன்றைக்கு எந்த டாக்டர் சொன்னது சரி என்று யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிரைக் காப்பாற்றும். அதில் டாக்டர்களுக்குள் சண்டை கிடையாது. அதேபோல இடது பக்கத்து முதன்மைக் குழாயிலேயே பெரிய அடைப்பு இருந்தாலும் கணக்கு வேறு. உங்கள் அப்பா இந்த இரண்டிலும் இல்லை. வேலை செய்தால் மட்டும் வரும், நின்றால் போகும், மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் நெஞ்சு இறுக்கம் அவருடையது. நிபுணர்கள் அதிகம் முரண்படுவதும் இந்த மாதிரி நோயாளிகளைப் பற்றித்தான்.

டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு என்பது இன்று நேற்று வந்ததில்லை. நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் ஒரு பழைய கணக்கு உண்டு. நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு, 1934-ல் வெளியானது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை டாக்டர்கள் பார்த்து, 174 பேருக்கு டான்சிலை எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விட்ட 215 பிள்ளைகளை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். அதிலும் தப்பிய 116 பேரை மறுபடி வேறு டாக்டர்கள் பார்த்தார்கள், 51 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் டான்சில் தப்பியவர்கள் 65 பேர். நான்காவதாகவும் யாராவது பார்த்திருந்தால் அதிலும் ஒரு முப்பது போயிருக்கும் என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்போம்.

எனக்கு அதில் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. மூன்று சுற்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 45 சதவீதம். பிள்ளைகள் சுற்றுக்குச் சுற்று நல்ல ஆரோக்கியமானவர்களாகிக்கொண்டே போகிறார்கள், விகிதம் மட்டும் அசையவில்லை. அந்த டாக்டர்கள் தொண்டையைப் பார்த்தது உண்மை. ஆனால் ‘பாதிக்குப் பாதி எடுக்க வேண்டியிருக்கும்’ என்ற ஒரு அளவும் அவர்கள் மனதில் முன்கூட்டியே இருந்திருக்கிறது. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். 1973-ல் வென்பெர்க், கிட்டெல்சோன் என்ற இருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை அலசியபோதும் இதே கதைதான். டான்சில் ஆபரேஷன் ஒரு பகுதியில் 10,000 பேருக்கு 13, இன்னொரு பகுதியில் 151. தொண்டைகள் அவ்வளவு வித்தியாசப்படுவதில்லை.

அந்தக் கூத்தைப் பார்த்துத்தான், ‘எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை தகும்’ என்பதை ஒழுங்காக அளக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமும் சேர்ந்து உருவாக்கியது. வழக்கமாக ஒன்பது டாக்டர்களை ஒரு குழுவாக்குவார்கள். நோயாளிகளைக் கற்பனையாக நூற்றுக்கணக்கான வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 7 முதல் 9 வரை என்றால் தகும், அதாவது கெடுதலைவிட நன்மை போதுமான அளவு அதிகம். 1 முதல் 3 வரை என்றால் தகாது. நடுவில் உள்ள 4, 5, 6 நிச்சயமில்லை. செலவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. முதலில் வீட்டிலிருந்தபடி தனித்தனியாக, பிறகு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிவிட்டு இரண்டாம் முறை. பேசிப் பேசி ஒத்துப்போக வைப்பது நோக்கமில்லை. வேறுபாடு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

அப்படி ஒரு குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் சுற்றுக்கு வரும் தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்பது பேரும் போட்ட மதிப்பெண் பேர் இல்லாமல் இருக்கும், உங்களுடையது மட்டும் வட்டமிட்டிருக்கும். ஒரு வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏறக்குறைய உங்கள் அப்பா மாதிரி ஒருவர், கொஞ்சம் வயது கூட. நான் போட்டது 3. பேச்சு தொடங்கியதும், 8 போட்டது எதிரில் இருந்த ஸ்டென்ட் நிபுணர் என்று தெரிந்துவிட்டது. இருவரும் பத்து நிமிடம் ஆராய்ச்சிகளை எடுத்துப் போட்டு வாதாடினோம். படித்ததெல்லாம் ஒன்றுதான், இருவருக்கும் தெரியாதது எதுவும் இல்லை. கடைசியில் அவர் அலுத்துப்போய், “நீங்க யாரை நெனச்சுக்கிட்டு 3 போட்டீங்க?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், போன மாதம் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால் குடலில் ரத்தம் கசிந்து என் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர். அந்த ஸ்டென்ட் நிபுணர் மனதில் இருந்தவரோ, ‘மாத்திரை போதும்’ என்று யாரோ அனுப்பி, படியேற முடியாமல் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து அவரிடம் வந்த மனிதர். இரண்டாம் சுற்றில் நான் 5 போட்டேன், அவர் 7. அதற்கு மேல் இருவரும் இறங்கி வரவில்லை.

அந்தக் குழுக்களின் கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்தும். ஒன்பது பேரும் 5 போட்டாலும் நடுவில்தான் விழும். மூன்று பேர் 1-3 பக்கமும் மூன்று பேர் 7-9 பக்கமும் நின்றாலும் நடுவில்தான் வைப்பார்கள், சராசரி என்ன சொன்னாலும் சரி. முதலாவதில் யாருக்கும் தெரியாது. இரண்டாவதில் ஆளாளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வேறு வேறாகத் தெரியும். உங்கள் மூன்று டாக்டர்களை மதிப்பெண் போடச் சொன்னால் முதலாமவர் 8, இரண்டாமவர் 3, மூன்றாமவர் 5 என்று போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாமவர் தட்டிக்கழித்தார் என்று கோபப்படுகிறீர்கள். மூவரில் நடுப்பகுதியை நடுப்பகுதி என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். ஏன் என்று இரண்டு வார்த்தை விளக்கியிருக்கலாம், அது குறைதான்.

ஒரு சிகிச்சையைத் தன் கையால் செய்பவர்கள், செய்யாதவர்களைவிட அதற்கு அதிக மதிப்பெண் போடுகிறார்கள் என்பதும் இந்தக் குழுக்களிலேயே திரும்பத் திரும்பத் தெரிந்துபோன விஷயம். உடனே ‘எல்லாம் காசுக்காக’ என்று முடிவு கட்டாதீர்கள். அது நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செலவைக் கணக்கில் எடுக்காத அந்தத் தாளிலும் சாய்வு வருகிறது. தன் கையால் நூறு பேருக்கு வலி தீர்ந்ததைப் பார்த்தவருக்கு அந்தக் கையில் நம்பிக்கை வருவது இயல்பு. மாத்திரை கொடுப்பவருக்கும் சாய்வு உண்டு. தன் மாத்திரையில் தேறாதவர் பெரும்பாலும் வேறிடம் போய்விடுவார், அவர் கண்ணில் மறுபடி படமாட்டார்.

சரி, அப்பாவின் நெஞ்சுக்கு வருவோம். இதில் எது தீர்ந்த விஷயம், எது தீராத விஷயம் என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

உங்கள் தம்பியின் பயம் நியாயமானது, ஆனால் கணக்கு கொஞ்சம் பிசகு. தண்ணீர்க் குழாயில் துரு ஏறி 75 என்பது 80, 90 ஆகி ஒருநாள் மூடிக்கொள்வது போல மாரடைப்பு வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பின் மேல்தோல் ஓரிடத்தில் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சட்டென்று அடைக்கிறது. இது அதிகம் குறுகாத இடத்திலும் நடக்கும். ஆகவே குறுகின ஓரிடத்தில் ஸ்டென்ட் வைத்தால் அந்த இடம் திறக்குமே தவிர, மற்ற இடங்களுக்கு அது காவல் இல்லை. இது ஆராய்ச்சியிலும் தெரிந்துவிட்டது. 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர், 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். அப்பா மாதிரி நிலையான நோய் உள்ளவர்கள். நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கும், மருந்தோடு காத்திருந்தவர்களுக்கும், மரணத்திலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உயிருக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்பதில் இரண்டாவது டாக்டர் உறுதியான தரையில் நிற்கிறார்.

ஆனால் நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம் குறைவது என்பது தனிக் கேள்வி. 2017-ல் ஆர்பிட்டா என்ற ஆய்வில் 200 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மறு பாதியையும் அதே மேஜையில் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, வைத்தது போல் பாவனை மட்டும் செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோருக்கும் மருந்து நன்றாகக் கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் உலகமே ஆடிப்போனது. அதே குழு 2023-ல் 301 பேரை வைத்து மறுபடி செய்தது. இந்த முறை நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு. இப்போது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. ஆக, முதல் டாக்டர் கையிலும் ஆதாரம் இருக்கிறது. அவர் பதில் சொல்லும் கேள்வி மட்டும் வேறு. அவர், “இறுக்கம் போகுமா?” என்ற கேள்விக்குச் சொன்னார். நீங்கள் அதை, “உயிர் தப்புமா?” என்ற கேள்விக்கான பதிலாகக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.

அந்த 75 சதவீதம் என்ற எண்ணையும் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒரே படத்தை ஒருவர் 60 என்பார், இன்னொருவர் 80 என்பார். கண்ணுக்கு 71 முதல் 90 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளை உள்ளே மெல்லிய கம்பி விட்டு அழுத்தம் அளந்து பார்த்தபோது, ஐந்தில் ஒன்று ரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவே இல்லை. அப்பாவுக்கு அந்த அளவு எடுத்தார்களா, அல்லது டிரெட்மில் போன்ற பரிசோதனையில் ரத்த ஓட்டக் குறைவு தெரிந்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இல்லையென்றால் அது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சில சண்டைகளை நல்ல ஆய்வு ஒன்று தீர்த்துவைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை ஆபரேஷன் செய்து எடுப்பதைப் பற்றி 1988-ல் இதே மதிப்பெண் முறையில் அமெரிக்க முதியோர் 1,302 பேரின் கேஸ்களைப் பார்த்தார்கள். 35 சதவீதம் தகும், 32 நடுப்பகுதி, 32 தகாது. மூன்றில் ஒரு பங்கு ஆபரேஷன் நடந்திருக்கவே கூடாது. பிறகு 1991-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பக்கவாத அறிகுறி ஏற்கெனவே வந்து, அடைப்பு 70 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில், இரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் மருந்தில் மட்டும் இருந்தவர்களுக்கு 26 சதவீதம், ஆபரேஷன் செய்தவர்களுக்கு 9 சதவீதம். அந்த வகை நோயாளிகளைப் பற்றிய வாதம் அதோடு முடிந்தது. உங்கள் அப்பா விஷயத்தில் மிச்சமிருப்பது அப்படி ஆய்வால் தீரும் வாதம் இல்லை. இறுக்கம் சீக்கிரம் போவதற்காக ஒரு குழாய்ச் சிகிச்சையையும் அதன் பின்விளைவையும் ஏற்கலாமா என்பது அந்த மனிதர் எதற்கு எவ்வளவு விலை வைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இப்போது உங்கள் கடிதத்தில் நான் பேனாவால் கோடு போட்ட இடம். முதல் டாக்டரிடம் தம்பி பேசினார், இரண்டாமவரிடம் அப்பா பேசினார், மூன்றாமவரிடம் ஃபைல் மட்டும் போனது. தம்பி எப்படிச் சொல்லியிருப்பார்? “மாடி ஏறவே முடியல டாக்டர்.” அப்பா என்ன சொல்லியிருப்பார்? “ஒண்ணும் பெரிசா இல்லீங்க, லேசா புடிக்கும்.” மூவரும் ஒரே நோயாளியைப் பார்க்கவே இல்லை, சகோதரி. நீங்களே கடைசியில் ஞாபகம் வந்து எழுதிய அந்த வயிற்றுப் புண் விஷயம் எத்தனை பேருக்குப் போனது? ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க வழக்கமாக இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து. ரத்தம் போன வயிறு உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலத்தைக் குறைக்கலாம், வயிற்றைக் காக்கும் மாத்திரை சேர்க்கலாம், வழி இருக்கிறது. ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் டாக்டருக்கு இது தெரிந்தால் அவருடைய 8 அப்படியே நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆகவே நான்காவது டாக்டரைத் தேடாதீர்கள். நான்காவது ஆள் நான்காவது மதிப்பெண்தான் போடுவார். ஏற்கெனவே பார்த்தவர்களில் யாரிடம் அப்பா சகஜமாகப் பேசினாரோ அவரிடமே அப்பாவை அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள். வயிற்றுப் புண் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். “ஸ்டென்ட் வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்காதீர்கள். “இப்போதே வைத்தால் அப்பாவுக்கு எது மாறும், எது மாறாது? மூன்று மாதம் மாத்திரையை முழு அளவில் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் எதை இழப்போம்?” என்று கேளுங்கள். “உங்களோடு ஒத்துப்போகாத டாக்டர் என்ன காரணம் சொல்வார்?” என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், எதிர்க்கட்சி வாதத்தையும் தானே சொல்லிக்காட்டுவார். சொல்லத் தெரியவில்லை என்றால், அல்லது சொல்லப் பிடிக்கவில்லை என்றால், அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், நேரில் பார்க்காத குறையோடு சொல்கிறேன், அந்த வயிற்றுப் புண்ணுக்காகவே முதலில் மாத்திரையை ஒழுங்காகப் பார்ப்பேன். மாத்திரை என்றால் சும்மா இருப்பது என்று தம்பி நினைக்க வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் மருந்து, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகைப் பழக்கம் இருந்தால் அதை விடுவது, டாக்டர் சொல்லும் அளவில் நடை. இதற்குப் பிறகும் இறுக்கம் அவரை முடக்குகிறது என்றால், அப்போது ஸ்டென்ட்டுக்குப் போவதில் எனக்குத் தயக்கம் இருக்காது. தம்பியும் தோற்றதாக ஆகாது.

ஆனால் என் மதிப்பெண்ணும் ஒரு மதிப்பெண்தான். நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ரத்தக்குழாய் தெரிகிறது, எக்கோ தெரிகிறது, “அப்பா எதுவும் சொல்வதில்லை” என்ற ஒரு வரியைத் தவிர அவர் தெரியவில்லை. அவரிடம், “ஸ்டென்ட்டா மாத்திரையாப்பா?” என்று கேட்டால், “நீங்க பாத்து செய்யுங்க” என்பார், அந்த வயது ஆண்கள் அப்படித்தான். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். இந்த ஆறு மாதத்தில் எதை எதை விட்டுவிட்டார்? மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாரா, போய்க்கொண்டு நடுவில் நின்று நின்று ஏறுகிறாரா? எதற்கு அதிகம் பயப்படுகிறார், இறுக்கத்துக்கா, மறுபடி ரத்தம் போவதற்கா? தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும், இருவருமே குறுக்கே பேச வேண்டாம். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, டாக்டரைப் பார்க்கும்போது ஆஞ்சியோ ரிப்போர்ட்டுக்கு மேலே வையுங்கள்.